சிப்பித் தண்ணீர் குடித்த செங்கமலம் அண்ணி

"அம்மா, அத்தை போயிட்டாங்க" என்று என் மூத்த மகன் சுங்கைப் பட்டாணியிலிருந்து போனில் சொன்னபோது, நான் மெர்கோங்கில் இளைய மகன் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உடனே அழுகை வரவில்லை. கேள்விதான் வந்தது.

"யாருடா பாத்தது?"

"டாக்டர் வந்து பாத்துட்டாரும்மா. எழுதியும் குடுத்துட்டாரு."

"நீ தொட்டுப் பாத்தியா? மூக்குகிட்ட விரல் வச்சுப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"கால் கட்டைவிரலை யாரும் கட்டக் கூடாது. குளிப்பாட்டக் கூடாது. நான் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். காதுல விழுதாடா?"

"விழுதும்மா. எனக்குத் தெரியாதா? யாரையும் கிட்ட விடல. உங்க பேத்தி தேன்மொழி பக்கத்துலயே உக்காந்திருக்கா."

அருகில் நின்ற என் இளைய மருமகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவள் வேறு ஊரிலிருந்து வந்த பெண். எங்கள் அண்ணியைத் தெரிந்தவர்களுக்கு நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். சொல்வதில் பிழை இருக்காது.

காலஞ்சென்ற செங்கமலம் அம்மையார் என் ஒரே அண்ணன் வேலுவின் மனைவி. ஜப்பான்காரன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. மெர்போக் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்கு அவர் மணப்பெண்ணாக வந்து இறங்கியபோது எனக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்த வயது. அவருக்கே பதினாறோ பதினேழோ இருக்கும். சுங்கைப் பட்டாணிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம்தான் அவர் பிறந்த இடம். தாய் இல்லை. அப்பா மட்டும்.

வந்த அன்றே என் ஓட்டைப் பல்லைப் பார்த்துச் சிரித்து, "பாப்பா, அந்தப் பல்லு எங்க? வித்துட்டியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து கடைசிவரை நான் அவருக்குப் பாப்பாதான். பேரன் பேத்தி எடுத்த பிறகும் போனை எடுத்தால் "பாப்பா, சாப்டியா?" என்பார்.

எங்கள் அம்மா முனியம்மாவின் வாய் தோட்டம் முழுக்கப் பேர் பெற்றது. அண்ணி அடுப்பை மூட்டினால் புகை, மூட்டாவிட்டால் சோம்பேறித்தனம். தண்ணீர் கொண்டுவந்தால் சிந்திவிட்டாள், வராவிட்டால் குழாயடியில் வம்பு. அண்ணி திருப்பி ஒரு சொல் சொன்னதில்லை. அம்மா திட்டி முடித்ததும், "அத்தை, தொண்டை காஞ்சிருக்கும், இந்தாங்க" என்று தேத்தண்ணியை நீட்டுவார். அம்மாவுக்கு அதற்கும் கோபம் வரும்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். பால் வெட்டு நின்றது. துரைமார் ஓடினார்கள். அரிசி போயிற்று, உப்பு போயிற்று, துணி போயிற்று. மேட்டு நிலத்தில் ரப்பர் மரத்தைத் தள்ளிவிட்டு மரவள்ளி நட்டோம். காலையில் கிழங்கு, மாலையில் கிழங்கு. பெண்கள் சாக்கைக் கிழித்துப் பாவாடையாகக் கட்டிக்கொண்டார்கள்.

ஒருநாள் அண்ணி, கிழங்குக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த அண்ணனுக்கு அவித்த கிழங்கை இலையில் கட்டிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். காட்டில் யாரும் இல்லை. அண்ணனின் மண்வெட்டி மண்ணில் குத்தி நின்றது. லாரி வந்தது, இருந்த ஆண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்விட்டது, மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம் என்று அக்கம்பக்கத்தில் நின்ற கிழவர் சொன்னார்.

அண்ணி மண்வெட்டியைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டார். பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். "சாப்பிடு பாப்பா. ஆறிடும். அவரு வந்தா வேற அவிச்சுக்கலாம்" என்றார். போகும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட அவர்களுக்கு வாய்க்கவில்லை. இதை அண்ணி ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் அந்தக் கிழங்கின் சூடு கையில் இருக்கிறது.

பசி முற்றிய நாட்களில், தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துப் பெண்கள் மெர்போக் ஆறு கடலில் கலக்கும் சேற்று வெளிக்கு நடந்து போய்ச் சிப்பி பொறுக்கி வருவார்கள். அண்ணியும் அடுத்த வீட்டுக் காளியம்மாவும் சோடியாகப் போவார்கள். கரையில் எப்போதும் கம்போங் என்னும் மலாய்க் கிராமத்துப் பெண்களும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். அன்று ஒருவரும் இல்லையாம். தண்ணீர் ஓரமெல்லாம் செம்மண் கரைத்தது போல் இருந்ததாம். "மலையில மழை போல இருக்கு" என்றாராம் காளியம்மா. "ஆளில்லாதது நல்லதாப் போச்சு, கூடை நெறயப் பொறுக்கலாம்" என்றாராம் அண்ணி. இரண்டு பேரும் கூடை தளும்பத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வரும் வழியில் காளியம்மா தன் பங்கைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் உப்பு மாற்றிக்கொண்டார். சிப்பியை வாங்கியவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அண்ணி அதை அடிக்கடி நினைத்துக்கொள்வார்.

மறுநாள் காலை அண்ணி சிப்பியை வேகவைத்தார். ஓடு திறந்ததும் ஒவ்வொன்றாகச் சதையை எடுத்து, வயிற்றில் இருக்கும் கறுப்பை நகத்தால் கிள்ளி ஒதுக்கினார். அந்தக் கறுப்பு கசக்கும், எனக்குப் பிடிக்காது. வெள்ளைச் சதையை எனக்கும் அம்மாவுக்கும் வைத்தார். "உனக்கு எங்கடி?" என்று அம்மா கேட்டார். "எனக்கு இருக்கு அத்தை" என்றார். அவருக்கு இருந்தது, கிள்ளிப் போட்ட கறுப்பும் சிப்பி வெந்த தண்ணீரும். கறுப்பைக் கிழங்கோடு பிசைந்து தின்றார். தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் குடித்தார். "ஆட்டுக்கால் ரசம் மாதிரி இருக்கு பாப்பா" என்று சொன்னது நினைவிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் என் உதட்டில் எறும்பு ஊர்வது போல் இருந்தது. அம்மாவும் உதட்டைத் தேய்த்துக்கொண்டார். அண்ணி சிரித்தார். "என் வாயே எங்கயோ போயிடுச்சு, தேடித் தாங்களேன்" என்றார். பிறகு கையில் இருந்த சட்டி நழுவியது. "விரல் என்னுதா இல்லையான்னு தெரியல." பிறகு கால். "பாப்பா, மெதக்குற மாதிரி இருக்கு." பேச்சு குழறியது. பாயில் சாய்ந்தார். இமை இறங்கிற்று. அடுத்த ஈடு கிழங்கு அடுப்பில் வேகும் முன்னால் அண்ணி அசைவற்றுப் போனார்.

தோட்டத்து ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரையும் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெரிய கங்காணி வந்து கையைத் தூக்கிப் பார்த்தார். தொப்பென்று விழுந்தது. கிள்ளிப் பார்த்தார். அசைவில்லை. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் இருந்த துண்டை எடுத்தார். துண்டை எடுத்தால் அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். அம்மா போட்ட அலறலில் லயமே கூடிவிட்டது. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட நூல்கூட இல்லை. ரப்பர் பட்டையை மெல்லிசாகக் கிழித்துக் கட்டினார்கள்.

இனி அங்கே நடந்த பேச்சை நான் பாதி கேட்டேன். மீதியை எனக்குச் சொன்னது அண்ணியேதான்.

"சாயங்காலத்துக்குள்ள எடுத்துடணும் முனியம்மா" என்றார் கங்காணி. "ஜப்பான்காரன் பாத்தான்னா வாந்திபேதின்னு லயத்தையே கொளுத்திட்டுப் போயிடுவான்."

"கோடி வரல கங்காணி" என்றார் அம்மா. பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து தண்ணீர் படாத புதுத்துணி வர வேண்டும், அதைப் போர்த்திய பிறகுதான் தூக்க வேண்டும் என்பது எங்கள் முறை. அண்ணியின் அப்பாவுக்குச் சொல்லியனுப்ப, டயருக்குப் பதிலாக ரப்பர் குழாயைச் சுற்றிய சைக்கிளில் ஆள் போயிருந்தது.

"கோடியா? ஊர்ல பொம்பளைங்க சாக்கைச் சுத்திட்டுத் திரியுறாளுங்க. கோடிக்கு எங்கலா போறது? போன வாரம் செத்தவனைப் பாயில சுருட்டித்தானே எடுத்தோம்?"

"அவன் யாருமத்தவன். இவளுக்கு அப்பன் இருக்கான், புருசன் இருக்கான். நாளைக்கு என் மகன் சயாம்லேர்ந்து வந்து, 'என் பொண்டாட்டிய எதைக் கட்டி அனுப்புனே'ன்னு கேட்டா, சாக்குன்னு சொல்லவா?"

"வந்தா பாத்துக்கலாம்லா."

"வருவான். கோடி வர்ற வரைக்கும் இவ என் வீட்டுலதான் கெடப்பா. எவனாவது தூக்கணும்னா என்னைய மிதிச்சுட்டுத் தூக்கு."

சொல்லிவிட்டு அம்மா வாசற்படியில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்தார். கங்காணி மாலையில் ஒரு முறை வந்தார், விளக்கு வைத்த பிறகு ஒரு முறை வந்தார். அம்மா காலை மடக்கவில்லை. பொழுது விடியும்வரை அப்படியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

இது இப்படியிருக்க, உள்ளே காளியம்மா அண்ணியின் தலைமாட்டில் உட்கார்ந்து மற்றொரு பெண்ணிடம் சொன்னாராம். "பாவம், நல்லவ. அந்தப் பித்தளைச் சொம்பு இனிமே இங்க யாருக்கு ஆகும்? நான் எடுத்துக்கட்டுமா?"

வெயில் ஏறும்போது அண்ணியின் அப்பா வந்து சேர்ந்தார். அவர் இடுப்பிலும் சாக்குத்தான். சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்ததை எடுத்தார். சிவப்புக் கண்டாங்கிப் புடவை, மடிப்பு பிரிக்காதது. வழிப்பறிக்குப் பயந்து வயிற்றோடு கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். அவர்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு யாரோ வேண்டுதலாகக் கொடுத்து, இன்னும் சாத்தாமல் பெட்டியில் இருந்ததாம். கேட்கக் கூடாதுதான், கேட்டேன் என்றார். "அம்மனுக்கு இன்னொண்ணு வரும். உன் மகளுக்கு இன்னொண்ணு வருமா?" என்று சொல்லிப் பூசாரி எடுத்துக் கொடுத்தாராம்.

கோடி வந்துவிட்டது. இனித் தடை இல்லை. குளிப்பாட்டுவதற்காகப் பெண்கள் அண்ணியைச் சுற்றி நின்றார்கள். அம்மா காலடியில் உட்கார்ந்து பாதத்தில் மஞ்சளைத் தேய்த்தார். அப்போது கட்டைவிரலில் கட்டியிருந்த ரப்பர் பட்டை இழுபட்டது. நூலாக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ரப்பர் நீண்டது, சுருங்கியது, மறுபடி நீண்டது. முதலில் பார்த்தவர் காளியம்மா. "அய்யோ, வர்றாடி!" என்று கத்திக்கொண்டு பித்தளைச் சொம்போடு வெளியே ஓடினார். மற்றவர்களும் ஓடினார்கள். அம்மா ஓடவில்லை. மஞ்சள் கையாலேயே அண்ணியின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "மகளே, மகளே" என்றார். அன்று மாலை அண்ணியின் தடித்த நாக்கில் முதல் சொல் வந்தது. "தண்ணி."

அந்த நேரமெல்லாம் தமக்கு எல்லாமே காதில் விழுந்தது என்று அண்ணி எனக்கு மட்டும் முதலில் சொன்னார். "மூச்சு ஊசி முனை அளவுக்குத்தான் வந்துச்சு பாப்பா. கூப்பிடணும்னு நெனைக்கிறேன், வாய் என்கிட்ட இல்ல. கங்காணி தூக்கணும் தூக்கணும்கிறான். நான் உள்ள இருந்து, 'அத்தை, காலை மடக்காதீங்க, காலை மடக்காதீங்க'ன்னு சொல்லிக்கிட்டே கெடந்தேன்." அம்மா அழும்போது, வந்த நாளிலிருந்து உன்னைத் திட்டினேனே, ஒருநாளும் நீ திருப்பிச் சொல்லலையே மகளே என்று சொல்லி அழுதாராம். மகளே என்று அம்மா அதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டதே இல்லை.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அம்மா பழையபடி திட்ட ஆரம்பித்துவிட்டார். நான் சும்மா இருக்க முடியாமல், "நீங்க அழுததெல்லாம் கேட்டுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிடட்டுமா அண்ணி?" என்றேன். அவர் என் வாயைப் பொத்தினார். "சொல்லாத. சொன்னா வெக்கப்பட்டுக்கிட்டுத் திட்டறதை நிறுத்திடுவாங்க. அப்புறம் வீடு வீடா இருக்காது. அவங்க திட்டறப்பல்லாம் எனக்குள்ள அந்த மகளேதான் கேக்குது, விடு."

காளியம்மாவை மட்டும் அண்ணி விடவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே பித்தளைச் சொம்பு நிறைய முறுக்கைப் போட்டு அவர் வீட்டுக்கு எடுத்துப் போவார். "காளி, சொம்பு வந்திருக்கு. நான்தான் இன்னும் போகல" என்பார். "எத்தன வருசத்துக்குடி சொல்லிக் காட்டுவே?" என்று காளியம்மா கத்துவார். "என் சாவுக்கு வந்து ஒரு சொட்டு அழாதவதானே நீ? அடுத்த தடவையாவது நெசமா அழு, விட்டுர்றேன்." இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து ஆட்கள் திரும்பினார்கள். போனவர்களில் வந்தவர்கள் குறைவு. வந்தவர்களிலும் அடையாளம் தெரிந்தவர்கள் குறைவு. எங்கள் லயத்துக்கு ஒருவர் வந்தார், எலும்பும் தோலுமாக. "வேலு காய்ச்சல்ல படுத்திருந்தான். எங்களை வேற கேம்புக்கு மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் தெரியாது" என்றார். அவ்வளவுதான் சேதி. வடக்கேயிருந்து ரயில் வரும் நாளெல்லாம் அண்ணி பேடோங் ஸ்டேஷனுக்கு நடந்து போய் நின்றார். என்னையும் சில நாள் கூட்டிப் போவார். இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், நடையைப் பார்ப்பார். "முகம் மாறியிருக்கும் பாப்பா. நடை மாறாது."

காலம் போயிற்று. அம்மாவே நம்பிக்கையை விட்டுவிட்டார். பெரியவர்கள் வந்து கூடி, அண்ணனுக்குக் கருமாதி செய்துவிடலாம், பெண்ணின் தாலியைக் கழற்றி முறைப்படி நடத்திவிடலாம், வயதும் சின்ன வயது, பிறகு வேறு வழி பார்க்கலாம் என்றார்கள். அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அன்றுதான் அண்ணி முதன்முதலாக அம்மாவின் முன்னால் குரல் உயர்த்திப் பேசினார்.

"அத்தை, யாராவது தொட்டுப் பாத்தாங்களா?"

"வந்தவன் சொல்றானேம்மா."

"என்னையும்தான் சொன்னாங்க. கங்காணி கிள்ளிப் பாத்துட்டுச் சொன்னாரு. ஊரே சொல்லுச்சு. நீங்க ஒருத்திதான் இருன்னு சொன்னீங்க. வாசல்ல காலை நீட்டி உக்காந்தீங்க. இப்ப நான் உக்காந்திருக்கேன். அவ்வளவுதான்."

அம்மா எழுந்தார். வந்தவர்களைப் பார்த்து, "எந்திரிங்க, கெளம்புங்க. அவ உக்காந்திருக்கேன்னு சொல்றால்ல?" என்றார். கருமாதிப் பேச்சு அதோடு முடிந்தது. அம்மா கண்ணை மூடும்வரை மாமியாரும் மருமகளும் அதை மறுபடி எடுக்கவில்லை.

அந்தச் சிவப்புப் புடவையை அண்ணி வேப்பிலை வைத்துப் பெட்டியில் பத்திரப்படுத்தினார். கட்டவில்லை, தண்ணீரில் போடவில்லை. பொங்கலுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, மடிப்பு பிரிக்காமல் வெயிலில் காட்டி மறுபடி வைப்பார். "இது ரெண்டுல ஒண்ணுக்கு பாப்பா. அவரு வந்தா அன்னிக்குக் கட்டுவேன். வரலைன்னா நீ கட்டி விடு" என்றார். பால் வெட்டினார், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காய் பொறுக்கினார். என் பிள்ளைகளை என்னைவிட அவர்தான் வளர்த்தார். மூத்தவன் சுங்கைப் பட்டாணியில் வீடு வாங்கியபோது, "ரயில் சத்தம் கேக்குமாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவனோடு குடிவந்தார். பின்னாளில் அங்கே பாசார்ச் சந்தையில் சிப்பியைப் பார்த்தால், "இதுங்களுக்கும் எனக்கும் பழைய பழக்கம்" என்று விற்பவரிடம் சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

மூத்தவனின் மகள் தேன்மொழி அண்ணியின் மடியில் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள். இன்று பல்கலைக்கழகத்தில் கடல் சிப்பியின் நஞ்சு நம் உயிரணுக்களை என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள். நான் இதைச் சொல்லாமல் கட்டுரையை முடித்தால் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் குடும்பத்தில் கூடை தூக்காத முதல் கை அவளுடையது.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தவள், அண்ணியின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு விளக்கினாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"பெரிய பாட்டி, கடல்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி இருக்கு. அது பெருகுறப்ப சில நேரம் தண்ணியே செவந்து போயிடும். சிப்பி அதைத் தின்னும், சிப்பிக்கு ஒண்ணும் பெரிசா ஆகாது. நஞ்சு மட்டும் உள்ள சேரும். வேக வச்சாலும் போகாது."

"எனக்கு என்ன பண்ணுச்சு அது?"

"நம்ம நரம்பு அணுவோட சுவர்ல சின்னச் சின்னக் கதவு இருக்கு. உப்பு அந்தக் கதவு வழியா உள்ள போனாத்தான், கையைத் தூக்கு, மூச்சை இழுங்கிற சேதி நரம்புல ஓடும். இந்த நஞ்சு நேரா போய் அந்தக் கதவுல தக்கை மாதிரி அடைச்சுக்கும். சேதி ஓடாது. மொதல்ல உதடு மரத்துப் போகும், அப்புறம் விரலு, காலு. கடைசியா மூச்சை இழுக்கிற தசை."

"அப்ப நரம்பு செத்துடுதா?"

"இல்ல. அதான் ஆச்சரியம். அணு உயிரோடதான் இருக்கு, கதவு மட்டும் அடைச்சிருக்கு. நினைவும் பெரும்பாலும் தப்பாது, அதான் உங்களுக்கு எல்லாம் கேட்டுச்சு. நஞ்சு கொஞ்சம் கொஞ்சமா சிறுநீர்ல வெளிய போனா கதவு தானா தொறந்துக்கும். அதுக்குள்ள மூச்சு நின்னுடக் கூடாது. நெறயப் பேருக்கு நின்னுடும். உங்களுக்கு ஒரு நூல் மிச்சம் இருந்திருக்கு."

"மருந்து?"

"முறிவு மருந்து இன்னும் இல்ல பாட்டி. ஆஸ்பத்திரியில மெஷின் வச்சு மூச்சு குடுப்பாங்க. குடுத்துக்கிட்டே காத்திருப்பாங்க."

"காத்திருப்பாங்களா? பெரிய டாக்டருங்களும் அதைத்தான் செய்வாங்களா? அப்ப எங்க அத்தை பாத்ததும் வைத்தியம்தான்" என்றார் அண்ணி.

எனக்கு வேறு ஒரு சந்தேகம் இருந்தது. "ஏண்டி, மூணு பேரும் அதே சிப்பியைத்தானே தின்னோம்? எனக்கும் அம்மாவுக்கும் உதடு மட்டும்தானே மரத்துச்சு?"

"நஞ்சு அதிகமா சேர்றது சிப்பியோட வயித்துக் கறுப்புலதான் பாட்டி. வேக வச்ச தண்ணியிலயும் எறங்கிடும். அதையெல்லாம் யாரு சாப்பிட்டது?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பாவுக்குத்தான் கறுப்பு பிடிக்காதே" என்றார், நேற்று நடந்தது போல. தூரத்தில் ரயில் போகும் சத்தம் கேட்டது. அவர் காது அங்கே போய்விட்டது.

போன் வந்த அன்று நான் சுங்கைப் பட்டாணி போய்ச் சேர்ந்தபோது, சொன்னபடியே யாரும் எதையும் செய்திருக்கவில்லை. தேன்மொழி அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. "நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன் பாட்டி. இது அந்தக் கதவு இல்ல" என்றாள். நானும் மூக்கருகே விரலை வைத்தேன். வெகுநேரம் வைத்திருந்தேன். குளிர்ந்து போயிருந்தார். அப்போதும் எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பொழுது சாயும்வரை அவரைத் தொடவிடாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று அம்மா உட்கார்ந்த உட்காருதல் எனக்கும் கொஞ்சம் வந்தது.

காளியம்மாவைப் பேரன்கள் நாற்காலியோடு தூக்கி வந்து இறக்கினார்கள். கண் தெரியாது அவருக்கு. தடவித் தடவி அண்ணியின் காதைக் கண்டுபிடித்து, அதன் அருகே வாயை வைத்தார். "செங்கமலம், காளி வந்திருக்கேன். இந்தத் தடவை நெசமாத்தான் அழறேன். கேட்டுக்கடி" என்றார். அழுதார். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை.

அதன் பிறகு நான் பெட்டியைத் திறந்து சிவப்புப் புடவையை எடுத்தேன். உறவுக்காரப் பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. புருசன் போயி இத்தனை காலமாச்சு. வெள்ளைதானே முறை?"

"எங்க அண்ணன் செத்ததை யாரு தொட்டுப் பாத்தா தம்பி?" என்று கேட்டேன்.

மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, கழுத்தில் அண்ணன் கட்டிய தாலி அப்படியே இருக்க, அவர் அப்பா வயிற்றில் கட்டி நடந்து கொண்டுவந்த கோடியை நானே பிரித்துக் கட்டிவிட்டேன். அத்தனை வருடமாக மடிந்திருந்த புடவை. நீவி நீவிப் பார்த்தும் மடிப்புக் கோடுகள் போகவில்லை. வண்டியில் ஏற்றும்போதும் அந்தக் கோடுகள் கட்டம் கட்டமாகச் சிவப்பில் தெரிந்தன. கட்டைவிரலைக் கட்ட நான் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

அண்ணி, நாங்கள் இங்கே பேசியதெல்லாம் உங்கள் காதில் விழுந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாப்பா சாப்பிட்டேன், கவலைப்பட வேண்டாம். போய் வாருங்கள். அங்கே அண்ணன் முகம் மாறியிருந்தாலும் நடையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள். உங்களை எதைக் கட்டி அனுப்பினோம் என்று அவர் எங்களைக் கேட்க வேண்டியிருக்காது. பார்த்ததுமே தெரிந்துகொள்வார்.